நொடிக்கடன் எஃப்.சி.

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில்
என் வாய்க்கும் ஒரு விதி உண்டு.
பழைய பெயரை மைக்கில் சொன்னால்
தவறு ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய்.
பழக்க தோஷம், உணர்ச்சிவசப்படுதல்
காரணங்களாக ஏற்கப்படா.

கையெழுத்துப் போட்டேன்.
ஆட்டத்துக்கு எழுநூறு தருகிறார்கள்,
ஒருமுறை வாய் தவறினாலும்
இருநூறு மிஞ்சும்.

அழுது வடியப் போவதில்லை.
முதல் பெயரும் வானத்திலிருந்து விழுந்ததல்ல.
சூரமங்கலம் தாவூத் சாயபு
பன்னிரண்டு பனியன் வாங்கித் தந்து
முதுகில் தன் கடையை அச்சடித்துக்கொண்டார்:
ரோஷன் சைக்கிள் மார்ட்.
டயர் விற்கத்தான் செய்தார்.
ஆனால் தோற்ற மறுநாள்
கடைக்கே போய் அவரைத் திட்ட முடிந்தது.
பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்பார்.
சில நாள் திருப்பியும் திட்டுவார்.

அப்புறம் ஒரு ஜவ்வரிசி ஆலை.
கிழங்கு விலை விழுந்த வருஷம்
அது எங்களைக் கம்பிக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டது,
கோல் வலை, தண்ணீர் டிரம்,
லீக்கில் ஒன்பதாம் இடம் உட்பட.

இப்போது நொடிக்கடன்.
முதலாளி யார் என்றால்
போனில் ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டுகிறார்கள்.
ரசிகர்களே என்று நான் விளிக்கக் கூடாது,
பயனர்களே என்னவேண்டும்.
பெயர் வைத்த அறையில்
தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால்
நொடி என்பது கணம் மட்டுமல்ல,
நொடித்துப் போனவர்களைக் கேளுங்கள் என்றிருப்பார்.

வடக்குக் கோலுக்குப் பின்னால் சேர்வராயன் மலை.
அதையாவது யாரும் வாங்கவில்லை என்று
சொல்ல வாய் வருகிறது.
எஸ்டேட் போர்டுகள் ஞாபகம் வந்து
மூடிக்கொள்கிறேன்.

அந்த மலையிலிருந்து வருகிறான் கோல்கீப்பர் இருதயராஜ்.
நாகலூரிலிருந்து பயிற்சிக்கு இறங்க
இருபது கொண்டை ஊசி வளைவு.
பழைய பைக் ஒன்று வாங்க
பதினெட்டாயிரம் கடன் எடுத்தான்.
யாரிடம் என்று சொல்லவேண்டியதில்லை,
நெஞ்சிலேயே எழுதியிருக்கிறது.

அவன் கட்டவேண்டியது இரண்டு தவணை.
அவனுக்கு வரவேண்டியது மூன்று மாதச் சம்பளம்.
கழித்துப் பார்த்தால் கடன்காரன் யார்?
கேட்டான்.
அது வேறு டிபார்ட்மெண்ட், தம்பி, என்றார்கள்.

ஞாயிறு சாயங்காலம், இடைவேளை.
பெஞ்சில் அவன் போன் அதிர்ந்து
பெஞ்சின் ஆணியும் சேர்ந்து அதிர்ந்தது.
சட்டையில் இருந்த அதே பெயர்
அதே பச்சையில்
திரையில் எரிந்தது.
பதினேழு தவறிய அழைப்பு.
இருதயராஜ் போனைக் கவிழ்த்துவைத்து
கையுறையின் பட்டையை
பல்லால் இழுத்து இறுக்கினான்.

எண்பத்தெட்டாம் நிமிஷம் பெனால்ட்டி.
தட்டுவடை செட் கட்டிக்கொண்டிருந்த கோமளா
பீட்ரூட் துருவலோடு கையை அந்தரத்தில் நிறுத்தினாள்.
பந்து வலப்பக்கம் போனது.
அவன் முன்பே அங்கே இருந்தான்,
யாரோ கூப்பிட்டு
முதல்முறையாக எடுத்தவன்போல.

காலரி எழுந்தது.
சைக்கிள்! சைக்கிள்! என்று கத்தின
சாயபுவைப் பார்த்தேயிராத பையன்கள்.
அவர்களுக்கு அபராதம் இல்லை.
என் கையில் மைக்,
எதிரே கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்தபடி.

நான் பழைய பெயரைச் சொல்லவில்லை.
புதியதையும் சொல்லவில்லை.
"தடுத்தவர் இருதயராஜ்," என்றேன்,
"எண் ஒன்று, ஊர் நாகலூர்,
மூன்று மாதச் சம்பளம் பாக்கி."

ஒலிபெருக்கி நான்கு மூலைக்கும் கொண்டுபோனது.
கடைசிச் சொல் மட்டும் சுவரில் மோதி
இன்னொரு முறை வந்தது:
பாக்கி.

ஏழாம் பக்கத்தில் இதற்கு விதி இல்லை.
கம்பெனிக்காரர் இரண்டிரண்டு படியாக
மேலே ஏறி வருகிறார்.
எட்டாம் பக்கத்தை
நான் இன்னும் படிக்கவில்லை.